இரண்டு அளவு பெரிய பூட்ஸ்

ஏழாம் நம்பர் நிலை.
சதுப்பின் விளிம்பில் ஒரு பைன், அதன் கீழ் நான்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
காலை எட்டே முக்கால், இன்னும் விடிந்தபாடில்லை.
வாக்கிடாக்கியில் ஔலிஸ் கரகரக்கிறான்:
"நாயை அவுத்தாச்சு. யாரும் அசையாதீங்க."

அசையாமல் இருப்பது கைக்குச் சுலபம்,
பிடித்துக்கொள்ளத் துப்பாக்கி இருக்கிறது.
முகத்துக்கும் பழகிவிட்டது.
கால்தான் சொன்னபடி கேட்காது.
பனியில் முதலில் நிற்பதும் அது,
இதயத்துக்கு ரொம்பத் தொலைவில் குடியிருப்பதும் அது.
ரத்தம் அங்கே போய்ச் சேர்வதற்குள்
கடைசிப் பேருந்து மாதிரி காலியாகிவிடுகிறது.

முதல் வருடம் மூன்று ஜோடிக் காலுறை போட்டு வந்தேன்.
டப்பாவில் அடைத்த மீன்களாய்
விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் போய்விட்டது.
ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது,
நீலமாய், கோபமாய்.

இந்த பூட்ஸ் ரெய்யோவுடையது.
ஓவ்லு நகரத்துக்குப் போனபோது அவன் எடுத்துப்போனவை:
காபி மெஷின், நல்ல கோடாலி, பாதி நண்பர்கள்.
இது மட்டும் கொட்டகையில் கிடந்தது.
அவன் அளவு நாற்பத்து நான்கு,
எனக்கு நாற்பத்திரண்டே தாராளம்.
ஒரு வீம்பில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஒரே ஒரு கம்பளிக் காலுறை,
அடியில் உலர்ந்த கோரைப்புல்,
மிச்சமெல்லாம் வெறும் இடம்.
விரல்களை விரிக்கலாம், மடக்கலாம்,
பியானோ வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாய் அழுத்தலாம்,
வெளியே ஒரு சத்தம் கேட்காது.
அந்த வெறும் இடம் கதகதத்தது.
பதினோரு வருடம் ஒரே மெத்தையில் ஒட்டிக் கிடந்தும்
வராத கதகதப்பு.
இதை நான் அவனுக்கு எழுதவில்லை.

ஒன்பதரைக்குக் கோரைப்புல்லும் தோற்றது.
முதலில் எரிச்சல், அப்புறம் ஊசி,
அப்புறம் ஒன்றுமில்லை.
பயமே இந்த ஒன்றுமில்லைதான்.
மரத்துப்போயிற்று.
இத்தனை மரங்களுக்கு நடுவே
கணுக்கால்வரை நானும் மரம்.

அப்போது ஹில்லா குரைத்தாள்,
தொலைவில், ஒரே சீராக,
பிறகு பக்கத்தில்,
பிறகு குரைப்பே இல்லை.
பிர்ச் புதரை விலக்கிக்கொண்டு வந்தது
ஒற்றைப் பெண் மூஸ், குதிரையைவிட உயரம்,
முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே.
நான் பார்க்க வேண்டியது தோள்பட்டையை.
பார்த்தது கால்களை.
சதையில்லாமல் குச்சியாய் நீண்ட நாலு கால்,
முழங்கால்வரை பனிக்குள்.
காலுறை இல்லை, புல் இல்லை,
யாரும் விட்டுப்போன பூட்ஸ் இல்லை.
ஒன்றைத் தூக்கினாள், யோசித்தாள், வைத்தாள்.
எப்படிம்மா தாங்குறே
என்று வாய்விட்டுக் கேட்டேனா, தெரியாது.
விசையில் இருந்த விரல் அழுத்தவில்லை.
பூட்ஸுக்குள் கட்டைவிரல்தான் அழுத்தியது.

எட்டாம் நிலையிலிருந்து வெய்க்கோ சுட்டான்.
"இர்மெலி, உன் முன்னாடிதானே நின்னுச்சு?"
"கால் மரத்துடுச்சு," என்றேன்.
பொய்யில்லை.

உரித்தபோது ஆவி எழுந்தது, சமையலறை மாதிரி.
விரித்துப்போட்ட தோலின் உட்புறத்தில்
பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஏறி நின்றேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
எய்னோ கத்தியைத் துடைத்தபடி
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஊசி, அப்புறம் எரிச்சல்,
போன வழியாகவே திரும்பி வந்தது உயிர்.
அழுதேன்.
வலியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி குடிலில் அடுப்பைச் சுற்றி
புல்லை உதறிக் காயப்போட்டோம்.
ஈரக் கம்பளி நாற்றம், பட்டாணி சூப், வெய்க்கோவின் அதே பழைய கதை.
கதவோரம் ஒன்பது ஜோடி பூட்ஸ்.
அவற்றின் பக்கத்தில்
நாய்களுக்கென்று யாரோ வெட்டி வைத்த நாலு கால்கள்,
குளம்போடு, நிமிர்ந்து,
வெறுங்காலோடு வெளியே போயிருக்கும் ஒருத்தி
திரும்பி வந்து மாட்டிக்கொள்வாள் என்பதுபோல.

என் பூட்ஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.